பட்டியலில் விடுபட்ட பெயர்

நாடாளுமன்றத்தின் கீழவையில் இருபத்தாறு வருஷமாகச் சுருக்கெழுத்தாளராக இருந்தவளைச் சகாக்கள் ‘ஊமைக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். தொகுதிக்கு ஒருவராக மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய முந்நூறு பேர் அங்கே தொண்டை கிழியக் கத்துவார்கள். நடுமேசையில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதுகிறவள் மட்டும் வாய் திறந்ததில்லை. வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. அவளுக்குப் பக்கமே கிடையாது.

அந்த வருஷம் ஒரு துணி ஆலையில் தீப்பிடித்தது. கதவை வெளியே பூட்டியிருந்ததால் நாற்பத்திரண்டு பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய கடைசித் தம்பி. விடுப்பு முடிந்து அவள் திரும்பியபோது ஆலைப் பாதுகாப்பு மசோதா விவாதத்துக்கு வந்திருந்தது. ஆலை இருந்த தொகுதியின் உறுப்பினர் எழுந்து இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார். அந்த நேரம் மேசையில் எழுதும் முறை அவளுக்கு. தம்பி பெயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே எழுதினாள். பெயர் வரவே இல்லை. தாளைப் புரட்டியதில் ஒரு வரி தவறிவிட்டது, அவர் உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளையில் நடைகூடத்தில் அவரை நிறுத்தினாள்.

“ஐயா, நாப்பத்திரண்டு பேருன்னு சொன்னீங்க. படிச்சது நாப்பத்தொண்ணு.”

“அப்படியா? நீங்களே சேத்துருங்கம்மா.”

“சபையில சொல்லாததை நான் சேர்க்க முடியாதுங்க. நாளைக்கு நீங்க எழுந்து சொல்லணும்.”

“விட்டுப்போனது யாரு?”

“என் தம்பிங்க.”

அவர் பையிலிருந்து பட்டியலை எடுத்து, விடுபட்ட வரியின்கீழ் கோடு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கேள்வி நேரம் முடிந்ததும் சபாநாயகர் அந்த உறுப்பினருக்கு அனுமதி தந்தார். சகாவிடம் கேட்டு முறையை மாற்றிக்கொண்டு அவள் மேசையில் இருந்தாள். உறுப்பினர் ஒரே ஒரு பெயரைச் சொன்னார். அவை முழுவதும் எழுந்து நின்றது. அவளுக்கு எழுத்து மங்கியது. ஆனால் கை நிற்கவில்லை.

மசோதா நிறைவேறி மேலவைக்குப் போனது. மாகாண சபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய அந்த அவை, திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. பொதுத்தேர்தலுக்கு இரண்டே மாதம். கீழவை கலைந்தால் மசோதாவும் கூடவே செத்துப்போகும். கடைசி வாரத்தில் அந்தத் திருத்தத்தை ஏற்று, நான்கு ஓட்டு வித்தியாசத்தில் கீழவை அதை மறுபடி நிறைவேற்றியது. அது சட்டமானது.

அச்சிட்ட அவைக்குறிப்போடு தம்பி மனைவியைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் அடுத்த வாரம் வேறொரு ஆலையில் வேலைக்குச் சேர இருந்தாள். கணவன் பெயர்மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

“இனிமே கதவைப் பூட்ட மாட்டாங்கல்ல, அண்ணி?”

“பூட்டுனா ஜெயிலு. பூட்டியிருந்தா உள்ள போகாத, நேரா என்கிட்ட வா.”