துலாக்கயிற்றைத் தொட்டவள்

நனைந்த துலாக்கயிறு உள்ளங்கையில் நார் நாராகக் குத்தும். வாளி மேலே வரும்போது கிணற்றுக்குள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடிக்கும். எங்கள் வளவுக் கிணற்றில் நாங்கள் மட்டும்தான் அள்ளலாம். குறைந்த சாதி என்று எங்கள் பெரியவர்கள் ஒதுக்கிய சனம், எங்களில் ஒருவர் மனம் வந்து அள்ளி ஊற்றும்வரை வேலிக்கு வெளியே குடத்தோடு நிற்கவேண்டும். அதற்கு வீட்டில் "தண்ணி வார்க்கிறது" என்று பெயர், ஏதோ தர்மம் செய்வதுபோல.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் இருந்த பூமணி குடத்தோடு வந்து நின்றாள். என்னைவிட மூத்தவள், பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருத்தப்பட்டவள். தாய்க்குக் காய்ச்சல் என்றாள். வீட்டில் பெரியவர்கள் இல்லை. தனியே துலாவை இழுக்க எனக்குப் பலமில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து தானே அள்ளிக்கொண்டு போனாள்.

பின்னேரம் அம்மா வந்ததும், கேட்காமலே சொன்னேன். பயத்தில் சொன்னேன் என்றால் அது பாதிப் பொய். சொன்னால் மெச்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். "என்ர பிள்ளை ஒண்டையும் மறைக்காது" என்று அம்மா தலையைத் தடவினா. சித்தப்பாமார் தீட்டென்று கிணற்றை இறைத்தார்கள். பிறகு பூமணியின் தகப்பனைப் பனையில் கட்டி அடித்தார்கள். அவள் அதன்பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை.

இப்போது சுவிஸில், பேர்ண் நகரத்தில் எங்கள் கட்டிடத்தில், நான் உடுப்புத் தோய்த்து முடிந்தால், கீழ்வீட்டு வெள்ளைக்கார மனுசி எல்லாருக்கும் பொதுவான மெசினை மருந்து போட்டுத் துடைத்த பிறகுதான் தன் உடுப்பைப் போடுவா. அதை எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். பூமணியைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

போன கிழமை ஆராவிலிருந்து மகன் போன் எடுத்தான். பேரன் லோசானில் ஒரு பிள்ளையை விரும்புகிறானாம். அவளின் தாய் எங்கள் ஊராம்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாம் அம்மா. அது ஆர் ஆக்கள்? உங்களுக்குத் தெரியாமல் இராது." சாதியைத்தான் அப்படிக் கேட்டான்.

"தெரியும். சொல்லமாட்டன்."



"சரி, விளங்கிட்டுது" என்றான்.

வாயை மூடியும் காட்டிக்கொடுத்துவிட்டேன். எங்கள் ஆக்கள் என்றால் உடனே சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

"போனை வையாதை தம்பி. தண்ணி அள்ளினதுக்கு ஒரு மனுசனை அடிக்க வைச்சவள் நான். அதைக் கேட்டிட்டு முடிவெடு."

கேட்டான். போனை வைத்துவிட்டான். பேரனுக்கு நானே போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

ஊரில் அந்தக் கிணறு தூர்ந்துபோய்விட்டதாம். பூமணி இருக்கிறாளோ என்று கேட்கக்கூட அங்கே எனக்கு ஆளில்லை. மகன் இன்னும் சம்மதிக்கவில்லை. பேரன் மட்டும், "அப்பம்மா, இதை நீங்கள்தான் அவளிட்டச் சொல்லவேணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை தான் விரும்பும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.