முறத்தில் காய்ந்த புகையிலை

என் கணவருக்குப் பைப் பிடிக்கத் தெரியாது. இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி நான். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பைப்பை வாயில் வைப்பார், தீக்குச்சி கிழிப்பார், கன்னத்தை உள்ளே இழுப்பார், கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்பார். விருந்தாளி போன பிறகு நான் அந்தப் பைப்பைத் தட்டினால் வைத்த புகையிலை வைத்தபடி விழும். மேலே மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

விருந்தாளி என்றால் அவருடைய ஆபீஸ் எஞ்சினியர். அப்போது நாங்கள் மைசூரில் இருந்தோம், சண்டைக் காலம். என் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. அக்ரஹாரத்துக்கு அடுத்த தெருவில் ஓட்டு வீடு, கொல்லையில் குழாய்த் தண்ணீர். எஞ்சினியர் கன்னடக்காரர், ஆனால் சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். பிறகு சீமைக்குப் போய் ஒரு பட்டமும் ஒரு பைப்பும் வாங்கிக்கொண்டு திரும்பியவர். பட்டத்தை மாட்ட அவர் வீட்டில் சுவர் இருந்தது. பைப்புக்குத்தான் இடமில்லை. மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அவருடைய அக்காவின் ராஜ்யம். ஆபீஸே பார்த்து நடுங்கும் மனிதர், தன் சட்டையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் சொந்த வாசலைத் தாண்டுவார்.

ஆகவே பைப்பும் புகையிலை டப்பாவும் எங்கள் வீட்டில் குடியேறின. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எஞ்சினியர் வருவார். முன்னறையில் இரண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் என் கணவர். தனியாகப் புகை பிடிப்பது தனியாகச் சீட்டாடுவது போல என்று சொல்லி, என் கணவருக்கும் ஒரு பழைய பைப்பைக் கொடுத்திருந்தார். நான் காபி கொடுத்துவிட்டு நடைக் கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பேன். ஒரு வருஷம் நின்றேன். எங்கள் வீட்டில் மூன்றாவது நாற்காலி கிடையாது, இருந்திருந்தாலும் அதில் என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது.

எஞ்சினியர் அநேகமாகப் பேசவே மாட்டார். புகையை மெதுவாக விட்டு, அது கூரை ஓட்டை எட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். பேச்செல்லாம் என் கணவருடையது. டப்பாவின் மேல் 'மைல்டு, ஸ்வீட்' என்று அச்சடித்திருந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவார்.

"இன்னிக்கு அந்த இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, இல்லீங்களா சார்?"

"ஹூம்" என்பார் எஞ்சினியர்.

திரைக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்படும்.

இந்தக் கூத்தை நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதம் மாற்றல் பட்டியல் வரும். எழுதுகிறவர் எஞ்சினியர். மலைநாட்டுப் பக்கம், காட்டு ஓரத்தில் ஒரு ஸ்டேஷன் இருந்தது. வருஷத்துக்கு ஒரு குமாஸ்தாவை அங்கே அனுப்புவார்கள், வருஷம் முடிந்ததும் பாதி குமாஸ்தாவாகத் திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் ஒரு முறை அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் ஜுரம். கைகால் குச்சியாகி வயிறு மட்டும் பானையாக வீங்கியது. கொய்னா மருந்தை மூக்கைப் பிடித்துக் கொடுத்துக் கொடுத்து, என்னைப் பார்த்தாலே அழ ஆரம்பித்துவிட்டாள். பிழைத்தாள். ஆனால் அந்த ஊரின் பெயரை இன்றைக்கும் நான் வாயால் சொல்வதில்லை. எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சந்தோஷமாகப் புகை பிடித்துக்கொண்டிருக்கும் வரை நாங்கள் மைசூரில் இருப்போம். அவ்வளவுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் நானே கை வைத்தேன்.

சித்திரை மாதத்துப் புதன்கிழமை. அலமாரியைத் துடைக்கும்போது டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே புகையிலை பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. எனக்குப் பகீரென்றது. ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், இது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். மிளகாய் ஈரமானால் வெயில், புளி ஈரமானால் வெயில், மெத்தை ஈரமானால் வெயில். ஆபத்துக்கு உதவுகிற பெருமையோடு டப்பாவை முறத்தில் கவிழ்த்து, கொல்லையில் கூழ் வடகத்துக்குப் பக்கத்தில் பரப்பி, காக்காய்க்குக் கறுப்புத் துணியும் கட்டிவிட்டு வந்தேன்.

பகல் இரண்டு மணிக்குப் போய்க் கையில் எடுத்தேன். மொறுமொறுவென்று பொடிந்தது. அப்போதுதான் போன மாதம் எஞ்சினியர் சொன்னது ஞாபகம் வந்தது. யாரோ ஒரு நண்பர் காய்ந்த புகையிலை கொடுத்தாராம். "நாக்கைச் சுட்டுடுச்சு. அதைப் பிடிக்கிறதுக்கு எங்க அக்காவோட பேசிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். இதுதான் கடைசி டப்பா, சண்டை முடிகிற வரைக்கும் கப்பலில் வராது.

முறத்தைப் பிடித்தபடி கொல்லையில் உட்கார்ந்துவிட்டேன். அழவும் செய்தேன். பிறகு அழுது என்ன ஆகப்போகிறது என்று எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

எனக்கு வெற்றிலை தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டால் மைசூர் வெற்றிலையா வெளியூர் வெற்றிலையா, இன்றைக்குப் பறித்ததா நேற்றுப் பறித்ததா என்று சொல்வேன். வாடின வெற்றிலையை வாழைப்பட்டையில் சுற்றி வைத்தால் உயிர் வரும். புகையிலையும் இலைதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டு, முதலில் பெரிய கெட்டிக்காரியைப் போல வெல்லப்பாகு காய்ச்சித் தெளித்தேன்.

சரியாக வந்ததா என்று யார் சொல்வது? என் கணவரைக் கேட்பதும் சுவரைக் கேட்பதும் ஒன்று. ஆகவே வியாழக்கிழமை காலை, அவர் ஆபீஸுக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, என் கணவருடைய பைப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். அங்கே வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் புகை வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பைப்பை நிரப்பி, அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியால் பற்றவைத்தேன். பிறகு, பதினைந்து வருஷமாக ஊதாங்குழலைப் பிடித்த பழக்கத்தில், உள்ளே இழுப்பதற்குப் பதிலாக ஒரே மூச்சாக ஊதினேன். நெருப்பும் புகையிலையும் சேர்ந்து பறந்து என் புடவையில் விழுந்தன. அண்டாத் தண்ணீரை ஒரு சொம்பு மேலே ஊற்றிக்கொண்டேன்.

இரண்டாவது முறை இழுத்தேன். பாகு கொளகொளவென்று கொதித்து நாக்குக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பன்னீர் தெளித்துப் பார்த்தேன். கல்யாண வரவேற்பில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாதது போல இருந்தது. மேதாவித்தனத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் நஞ்சன்கூட்டு ரசபாளை வாழைப்பழம் ஒன்றை உரித்து, தோலை மட்டும் துணியில் சுற்றி டப்பாவுக்குள் வைத்து, குடகுத் தேனைத் தொட்ட விரலால் மூடியின் உள்பக்கம் தடவினேன். வேறொன்றும் செய்யவில்லை. சாயங்காலம் திறந்தபோது இலை மெத்தென்று இருந்தது, ஆனால் கையில் ஒட்டவில்லை.

அப்போதும் சோதிக்க வேண்டுமே. அவர் கடைத்தெருவுக்குப் போன சமயம் மறுபடியும் வெந்நீர் அடுப்படி. இந்த முறை அவசரப்படாமல், சூடான பாலை உறிஞ்சுவது போலக் கொஞ்சமாக இழுத்து, வாயிலேயே நிறுத்தி, விட்டேன். முதலில் புது வைக்கோல். அப்புறம் உலர்ந்த திராட்சை. புகை போன பிறகு, நெய் காய்ச்சி இறக்கினால் பாத்திரத்தின் அடியில் நிற்கும் கசண்டின் ருசி, அந்தக் கொஞ்சம் தித்திப்பும் கொஞ்சம் கருகலும், மேலண்ணத்தில் அப்படியே தங்கியது. நான் முக்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தேன். எஞ்சினியர் ஏன் பேசுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இதைப் போய் என் கணவர் ஒரு வருஷமாகத் உதட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்திருந்தார் என்று நினைத்தபோது கோபம்கூட வந்தது.

"என்ன, கஜ்ஜாயம் சுடறீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள் கேட்டாள். கஜ்ஜாயம் என்றால் நம் அதிரசம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டதால் அரிசியை ஊறப்போட்டு, இடித்து, அடுத்த நாள் உண்மையாகவே சுட்டு அவள் வீட்டுக்குப் பத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

ஞாயிறு நாலு மணி. திரையின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். எஞ்சினியர் ஒரு இழுப்பு இழுத்தார். நிறுத்தினார். பைப்பை வாயிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தார். மறுபடி இழுத்தார். "சென்னாகிதே" என்றார், தன் மொழியில் தனக்குள்ளே சொல்லிக்கொள்வது போல. நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு என் கணவரிடம், கன்னடத்து மரியாதைக்கு ஒரு 'ரீ' சேர்த்து, "சீமையில முதல் தடவையாத் திறந்த டப்பா மாதிரி இருக்கு ரீ. என்ன பண்ணினீங்க?" என்றார்.

"எல்லாம் வச்சுக்கிற விதத்துல இருக்குங்க சார்" என்றார் என் கணவர். டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு பழத்தோல் மாற்றினேன். புதன்கிழமைதோறும் சோதனை நடந்தது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நடந்தது என்பதை இந்த வயதில் மறைத்து என்ன பயன்?

ஆனி பிறந்தது. எஞ்சினியர் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கத்துக்கு மாறாக, பைப்பைப் பற்றவைப்பதற்கு முன்னாலேயே பேசினார்.

"எனக்கு மாற்றல் ஆயிடுச்சு. மலைநாட்டுல பாலம் ரிப்பேர், ரெண்டு வருஷம். உங்களையும் கூட அழைச்சுக்கிட்டுப் போறேன், பேர் எழுதிட்டேன். இந்தப் புகையிலையை இப்படிக் காப்பாத்தற ஆளை விட்டுட்டு நான் அந்தக் காட்டுல என்ன பண்ணறது?"

அவர் சொன்ன ஊர் அதே ஊர்தான்.

என் கணவர் வாயிலிருந்த பைப்பை எடுக்க மறந்து "ரொம்ப சந்தோஷங்க சார்" என்றார். அந்த மனிதரிடமிருந்து 'முடியாது' என்ற வார்த்தை ஆபீஸில் சேர்ந்த அன்றைக்கே பிடுங்கப்பட்டிருந்தது. கொல்லையில் என் மகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் குச்சியாக இருந்த கால் அது. நான் திரையைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டேன்.

"காப்பாத்தினது அவரில்லைங்க" என்றேன். "நான்தான். முதல்ல கெடுத்ததும் நான்தான். வெயில்ல காய வச்சுட்டேன். அப்புறம் ரசபாளைப் பழத்தோலும், மூடியில ஒரு சொட்டுத் தேனும். அவ்வளவுதான் சூட்சுமம். நானே எழுதித் தர்றேன். அதுக்காக எங்களை அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. என் பொண்ணு அந்த ஊர்ல ஒரு தடவை செத்துப் பிழைச்சிருக்கா. இன்னொரு தடவை அவளைத் தூக்கிக்கிட்டு என்னால போக முடியாதுங்க."

"ஏய், உள்ளே போ" என்றார் என் கணவர்.

"இருக்கட்டும்" என்றார் எஞ்சினியர். என்னைப் பார்த்தார். "சரிம்மா. ஆனா பதம் சரியா இருக்குன்னு யார் பிடிச்சுப் பார்த்தது? இவரா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் என் கணவருடைய பைப்பைக் கையில் எடுத்து, மேலே மட்டும் கறுப்புப் பொட்டு வைத்திருந்த புகையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றேன்.

என் கணவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார், தெருவுக்கே கேட்டிருக்குமோ என்று. எஞ்சினியர் முதலில் மெதுவாகத்தான் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஒரு வருஷமா தப்பான ஆளோட உட்கார்ந்து புகை பிடிச்சிருக்கேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "தோல் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கணும் தாயி?" என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார், அடுத்த வாரமே எடுத்தும்விட்டார். போகும்போது டப்பாவில் பாதியைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு, மீதியை டப்பாவோடு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் என் கணவர் என்னிடம் பேசிய வார்த்தைகள் உப்பு, மோர், துண்டு. அவமானம் எதில் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பெண்சாதி பைப் பிடித்ததிலா, தான் பிடிக்காதது தெரிந்துபோனதிலா? கேட்கவும் இல்லை. மகளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு நானும் பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல அவர் முன்னறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எஞ்சினியர் மலைநாட்டுக்குப் போய்விட்டார், எதிர் நாற்காலி காலி. நான் ஒரு காபியைக் கொடுத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழ் போட்டார். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து டப்பாவைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்து, பக்கத்தில் தன் பைப்பையும் தீப்பெட்டியையும் வைத்தார்.

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றார், என்னைப் பார்க்காமல். "ஒரு வருஷம் பேசினேன். எனக்கே ஒண்ணும் தெரியலை. நீயாவது சொல்லு."

சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியைக் காலால் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். நான் போய் அதில் உட்கார்ந்தேன்.