கை தட்டும் உத்தியோகம்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. கை தட்டும் உத்தியோகம். தந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. சம்பளமாக ஒரு சொக்கலேட் டோனட்டை முன்கூட்டியே வாங்கித் தின்றும் விட்டேன்.

ஊரில் சப்பணம் கட்டியிருந்து வயலின் படித்தவர் மாமா. கனடா வந்த புதிதில், பாத்திரம் கழுவிய மதுக்கடையில் ஐரிஷ்காரர் வாசிப்பதைக் கேட்டு மயங்கி, தானும் எழுந்து நின்று தோளில் வைத்து வாசிக்கத் தொடங்கினார். அவர் எழுந்து நின்றதையே எங்கள் சொந்தக்காரர் மன்னிக்கவில்லை. பிறகு ஞாயிறுதோறும் அதே கடையில் தனியாக வாசித்தார். மாமி இறந்துபோனதோடு அதுவும் நின்றது. அஜக்ஸ் நகரில் ஒரு பேஸ்மென்டுக்குள் ஒரு வருடமாக முடங்கிக் கிடந்தார். இப்படியே விட்டால் தம்பி தேறமாட்டான் என்று பயந்த அம்மாதான், ஸ்காபரோவில் நடந்த பொங்கல் விழாவில் கெஞ்சிக் கூத்தாடி அவருக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார்.

மேடைக்குப் போகுமுன் மாமா என் முன்னால் குந்தினார்.

“இது ஐரிஷ்காரர் செத்தவைக்கு வாசிக்கிற மெட்டு, பிள்ளை. தாளம் இல்லை. எப்ப முடியுதெண்டு சனத்துக்கு விளங்காது. நான் வில்லை இறக்கினவுடனை நீ முதல் தட்டு. பிறகு எல்லாரும் தட்டுவினம்.”

“ஓகே மாமா,” என்றேன்.

மேடையில் மிருதங்கம் இல்லை, பாட்டுக்காரர் இல்லை, மாமா மட்டும் நின்றார். வில் மெதுவாக இழுபட்டது. எனக்குப் பின்னால் இருந்தவர், “பாடுறவ இன்னும் வரேல்லையோ?” என்றார்.

“பொறுங்கோ, உவர் இப்பதானே சுருதி சேர்க்கிறார்,” என்றார் அவருடைய மனைவி.

மண்டபம் முழுவதும் அப்படித்தான் நினைத்தது. வடைத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. மாமா வில்லை இறக்கினார். இனித்தான் கச்சேரி தொடங்கும் என்று எல்லாரும் வாய்மூடி நிமிர்ந்து இருந்தார்கள். மாமா என்னைப் பார்த்தார்.

கைகளைத் தூக்கினேன். நான் மட்டும் தட்டினால் சிரிப்பார்களே என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் இருந்துவிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் காத்து நின்றார். பிறகு இறங்கிப் போனார்.

“என்ன, தொடங்காமலே போறார்?” என்றது பின்வரிசை.



காரில் மாமா என்னைத் திட்டவில்லை. அஜக்ஸில் வெறுங்கையோடு இறங்கினார்.

“மாமா, வயலின்!” என்று கத்தினேன்.

“அது உன்னோடை இருக்கட்டும், பிள்ளை.”

அதன்பிறகு அவர் வயலினைத் தொட்டதே இல்லை.

கார் திரும்பியதும் அம்மா அழத் தொடங்கினார். “அந்தக் கடையிலை ஒவ்வொரு ஞாயிறும் முதல் கை தட்டுறது உன்ரை மாமிதான்,” என்றார்.

வேலையைச் செய்யாதவளுக்கு ஏன் பரிசு என்றுகூட நான் யோசிக்கவில்லை. வயலின் எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில் பெட்டியை மடியில் வைத்து, யூனியன்வில்லில் எங்கள் வீடு வரும்வரை இரண்டு கையாலும் அதன்மேல் தட்டிக்கொண்டே வந்தேன்.