பூலோகம் கடை மாட்டுங்காவுக்குப் போனது

தாராவியில் அந்தக் காலத்தில் இட்லி என்று சொன்னால் பூலோகம் கடை இட்லிதான். இல்லையென்று சொல்லுகிறவன் அந்த இட்லியைத் தின்னாதவனாக இருக்கணும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து உடுத்த வேட்டியோடு வந்து இறங்கின மனுஷர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்லை. ஒருத்தன் கையையும் எதிர்பார்க்காமல் கடை போட்டு நின்றார் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? படித்தவர்கள் எத்தனையோ பேர் பம்பாய் தாங்காமல் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். பூலோகம் போகவில்லை.

ஒருத்தன் கையையும் என்பது பூலோகமே சொல்லுகிற பேச்சு. உள்ளதைச் சொல்லப்போனால் ஒரு கை இருந்தது. அது நாகூர் மீரான் கை. மீரான் மேலப்பாளையத்துக்காரர், தோல் கிடங்கில் மேஸ்திரி. கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு மூலையைக் காட்டி, "இங்கன அடுப்பைப் போடும்வே. சேட்டுகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று சொன்னவர் அவர்தான். அன்றைக்குப் பற்றவைத்த அடுப்பு பத்து வருஷத்துக்கு மேல் எரிந்தது.

கிடங்கில் காலைச் சங்கு ஊதினதும் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்கள் கரையேறி ஓடி வருவார்கள். அடுத்த சங்குக்குள் தின்று முடித்துத் திரும்பணும். நின்றபடி தின்கிற கடைதான். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும் ஊறி அவர்கள் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும். அதில் மிளகாய்ச் சட்னி பட்டால் உயிர் போகும். அதனால் பூலோகம் முதலில் கையை நீட்டச் சொல்லி நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவார். தேய்த்துக்கொண்ட பிறகுதான் இலை. இந்த யோசனை எந்தப் பெரிய ஓட்டல்காரனுக்காவது வந்ததா?

மீரான் பெண்சாதி மதீனா பீவி கடைப் பக்கம் வருகிறவள் அல்ல. ஆனால் பூலோகம் இட்லி என்றால் அவளுக்கு உசிர். வெள்ளிக்கிழமை தோறும் மீரான் ஒரு துணியில் கட்டி வாங்கிப் போவார். பதிலுக்கு மீன் குழம்போ, நோன்புக் கஞ்சியோ, எதுவாவது ஒரு சட்டியில் வந்து சேரும்.

உலகச் சண்டை வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டுமென்று தோலுக்கு ஏகப்பட்ட கிராக்கி. சேட்டு கிடங்கைப் பெரிதாக்கினார். அடுப்பு இருந்த மூலைக்கும் சுவர் வந்தது. மீரான் போய் மன்றாடிப் பார்த்தார். சேட்டு கேட்கவில்லை.

பூலோகம் இடிந்து உட்காருகிற ஆளா? மாட்டுங்காவில், ரயில்வே பட்டறை வாசலுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு கடையைப் பிடித்துவிட்டார். இரண்டு பெஞ்சு போட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சாமான் ஏற்றுகிற அன்று ஆட்டுக்கல்லை ஒரு பக்கம் பூலோகமும் மறுபக்கம் மீரானும் பிடித்துக் கைவண்டியில் ஏற்றினார்கள்.

"மெல்லவே, இடுப்பு போயிரும்" என்றார் பூலோகம்.

"உமக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்காக்கும்?"

வண்டி தெரு முனை திரும்புகிறவரை கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

கடை திறப்புக்கு நல்ல நாள் குறித்தாயிற்று. நம் ஜனங்களில் ஒரு நல்ல காரியம் என்றால் வீடு தேடிப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கணும். பூலோகம் அதில் ஒரு குறை வைக்கவில்லை. புதுத் தட்டு வாங்கி, வெற்றிலையும் கற்கண்டும் வைத்துக்கொண்டு மாட்டுங்கா முழுக்க நடந்தார். பட்டறைக் கிளார்க்குமார், பக்கத்துக் கடைக்காரர்கள், பூக்காரர், டேசனில் டிக்கெட் கிழிக்கிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. முகம் தெரியாத ஊரில் முன்னால் நின்று, "நம்ம கடைக்கு அவசியம் வரணும்" என்று சொல்லுவதற்கு நெஞ்சில் தெம்பு வேண்டும். அது அவருக்கு இருந்தது.

பெண்சாதி பேச்சியம்மாள் கேட்டாள். "கிடங்குக்காரங்களுக்கு எப்பப் போறீக?"

"எதுக்கு?"

"வெத்தலை வைக்கத்தான்."

"கிறுக்கு. நம்ம வீட்டு ஆளுக்கு எவனாவது வெத்தலை வைப்பானா? மீரானுக்கு முன்னால தட்டை நீட்டினா அவரை அசலூர்க்காரராக்கினதாயிராதா? திறப்பு என்னைக்குன்னு அவருக்குத் தெரியும். அன்னைக்கு முன்னால வந்து நின்னு ஆட்களை அதட்டப் போறதே அவருதான்."

பேச்சியம்மாள் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள்.

திறப்பன்று பால் காய்ச்சினார்கள். பூக்காரர் மாலையோடு வந்தார். கிளார்க்குமார் வந்து பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து தின்றார்கள், சட்னி இன்னும் கொண்டுவா என்றார்கள். கிடங்கிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அன்று அவர்களுக்கு அரை நாள் லீவு என்பதும் பூலோகத்துக்குத் தெரியும். அவர்களுக்கென்று தனியாக ஓர் ஈடு இட்லி வைத்து எடுத்திருந்தார். அது ஆறிக் கல்லாகிக் கிடந்தது. யாரையும் தொடவிடவில்லை. சாயங்காலம் அவரே எடுத்துப் போய் மாட்டுக்குப் போட்டார்.

"ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"எதைக் கேக்க? என் கையால தின்னவங்க. மாட்டுங்காவுக்குப் போனதும் நான் கசந்துட்டேனாக்கும். ஒரு பயலும் வர வேண்டாம். கடை ஓடாமப் போயிருமா?"

கடை ஓடத்தான் செய்தது. பட்டறைச் சங்கு அவர் கைக்குப் பழகிவிட்டது. பெயரும் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் பூலோகம் தெருவைப் பார்ப்பார். பேச்சியம்மாள் பார்த்தால் அடுப்பைப் பார்ப்பார்.

அப்படி ஒரு நாள் மத்தியானம் தெருவுக்கு அந்தப் பக்கம் மீரான் நிற்பது தெரிந்தது. கக்கத்தில் ஒரு துணி. தாடி வளர்ந்து ஆள் இளைத்திருந்தார். பூலோகத்துக்கு வாய்வரை பெயர் வந்துவிட்டது. ஆனால் கூப்பிடவில்லை. நம்ம கடையில் ஏறுவதற்கு இவருக்கு அழைப்பு வேண்டுமா, வருகிறவர் தானாக வரட்டும் என்று நினைத்துக்கொண்டார். இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்தார். ஆவி அடங்கித் தலையைத் தூக்கினபோது எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

அதற்கு அடுத்த வாரம், தாராவியில் குடியிருக்கிற பட்டறைக்காரன் ஒருவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான். "உங்க மேஸ்திரி மீரான் வீட்டம்மா மவுத்தாயிட்டாங்களாமே, அண்ணாச்சி. காய்ச்சல்ல கிடந்தாங்களாம். காலைலதான் போச்சாம் உயிரு."

பூலோகம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். செம்பில் தண்ணீர் எடுத்து அடுப்பில் ஊற்றினார். பெஞ்சில் ஆள் நிறைந்திருந்தது.

"என்னய்யா, என் இட்லி?" என்று ஒரு கிளார்க்கு சத்தம் போட்டார்.

"இன்னைக்குக் கடை இல்ல. எந்திரிங்க."

பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு அப்படியே நடந்தார். இழவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காதில் விழுந்தால் புறப்படணும். மீரான் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தபோது கிடங்கு ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் வாரும் என்று சொல்லவில்லை. ஆனால் வழி விட்டார்கள். மய்யித்தை வைத்த சந்தூக்கை எடுத்தபோது பூலோகம் பின்னால் நடந்து கபர்ஸ்தான் வாசல் வரை போனார்.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சாயங்காலம் பூலோகம் மாட்டுங்காவுக்கு ஓடி, இரண்டு ஈடு வேகவைத்து, குண்டானில் சுமந்துகொண்டு வந்தார். மீரான் வாசலில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டீராக்கும்" என்றார் மீரான்.

"வராம?"

"யாரு சொல்லிவிட்டா உமக்கு?"

"இதுக்குச் சொல்லிவிடணுமாவே?"

"இதுக்கு வேண்டாம்." மீரான் தலையை ஆட்டினார். "கடை திறப்புக்கு வேணுமே. மாட்டுங்கா பூராவும் தட்டத் தூக்கிட்டு நடந்தீரு. பூக்காரனுக்கு வச்சீரு. டிக்கெட் கிழிக்கிறவனுக்கு வச்சீரு. எங்க சந்துக்குள்ள மட்டும் உம்ம காலு வரல. கிடங்கு நாத்தம் புதுக் கடைக்கு ஆகாது போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

"நம்ம ஆளுக்கு எதுக்கு வெத்தலைன்னு நான்..."

"அத எங்களுக்கு யாரு சொன்னா?"

பூலோகம் குண்டானை இறக்கி வைத்தார். மீரான் அதைப் பார்த்தார். பிறகு, "ஒரு நா உம்ம கடைக்கு எதுத்தாப்புல வந்து நின்னேன்" என்றார்.

"பாத்தேன்."

மீரான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "பாத்தீரா?"

"பாத்தேன்."

"அவளுக்கு ஒண்ணும் இறங்கல. கஞ்சியக்கூடத் துப்புதா. பூலோகம் அண்ணாச்சி கடை இட்லின்னா ரெண்டு திம்பேன்னா. துணிய எடுத்துட்டு வந்தேன். கூப்பிடாத கடையில எப்படி ஏறன்னு திரும்பிட்டேன். தீந்துபோச்சுன்னு அவகிட்டப் பொய் சொன்னேன். சரி, நாளைக்கு வெள்ளனப் போய்ப் பாருங்கன்னா."

பூலோகம் குண்டானைக் கீழே வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து பேச்சியம்மாள் வந்து குண்டானை எடுத்துப் போய் மீரான் பிள்ளைகளுக்கு வைத்தாள்.

மூன்று நாளும் மாட்டுங்காக் கடை திறக்கவில்லை. மூன்று நாளும் சாப்பாடு அவர் கையால்தான் அந்த வீட்டுக்குப் போனது. நாலாம் நாள் பூலோகம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் வந்தார். ஒற்றை அறைக் கோலிகள்தான் வீடு, ஒவ்வொரு கோலி வாசலிலும் நின்றார். முதல் வாசலிலேயே ஒருவன் சிரித்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, திறந்து நாலு மாசம் கழிச்சா அழைப்பு? வடை ஊசிப்போயிருக்குமே!"

"ஊசினாலும் வந்து தின்னுட்டுப் போலே."

இன்னொருவன் வெற்றிலையைத் தொடாமல் உள்ளே போய்விட்டான். பூலோகம் அவன் வெளியே வருகிறவரை வாசலில் நின்றார். அவன் வந்தான், எடுத்துக்கொண்டான். யார் என்ன சொன்னாலும் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் ஒருத்தனிடம் ஒரு சொல் பொறுக்காத மனுஷர்.

ஒரு வாசலில் மட்டும் அவரால் தட்டை நீட்ட முடியவில்லை. இழவு விழுந்த வீட்டுக்கு நாற்பதாம் நாள் கழியும்வரை நல்ல காரியத்து வெற்றிலை வைக்கக் கூடாது. முதலில் வைத்திருக்க வேண்டிய வாசல் அது. மீரான் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். தட்டையும் பார்த்தார், தட்டுக்காரரையும் பார்த்தார். பூலோகம் துண்டால் தட்டை மூடிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டிப் போனார். அவ்வளவு தூரம் எந்தத் தெருவிலும் அவர் நடந்ததில்லை.

கிடங்கு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர், மூன்று பேராக வர ஆரம்பித்தார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கிளார்க்குமார் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து தின்றார்கள். வேலை நாளில் ஓடி வந்து தின்பதற்கு அந்தக் கடை இனி எட்டாது. சங்கு விடாது. பூலோகத்துக்கு அது புரிந்தது. மீரான் வீட்டு நாற்பது எப்போது முடியும் என்று மட்டும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைத் துலக்கி வைத்திருந்தார்.

நாற்பது முடியவில்லை. ஒரு காலை, பட்டறைச் சங்கு ஊதிக் கடை நிறைந்திருந்த நேரம், மீரான் தெருவைத் தாண்டி நேரே வந்து படியேறினார். ஆட்களை விலக்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு வையும்வே" என்றார்.

பூலோகம் வைத்தார். மீரான் நின்றபடியே தின்றார். அவர் தின்று முடிக்கிறவரை பூலோகம் வேறு யாருக்கும் இலை போடவில்லை. கிளார்க்குமார் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டார். இரண்டும் முடிந்தது. பூலோகம் கேட்காமலே மூன்றாவதை எடுத்து வைத்தார். வேண்டாமென்று மீரான் இலையை இழுத்துக்கொள்ளவில்லை.