சாலாக் செலாத்தானில் ஒரு டிஸ்க்

போன வாரம் மகன் எனக்குப் புது மடிக்கணினி ஒன்று வாங்கித் தந்தான். முதல்முறை திறந்ததும், பின்னால் ஏதாவது பழுது வந்தால் உதவுவதற்கு ஒரு மீட்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறீர்களா என்று அது பணிவாகக் கேட்டது. நான் பென்டிரைவைத் தேடி மேசை இழுப்பறையைக் கிளறுவதற்குள் மகன் 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டான்.

"இதெல்லாம் இப்ப யாரும்மா செய்றாங்க? எல்லாம் கிளவுட்ல இருக்கு லா."

எனக்குக் கற்பூர வாசனை அடித்தது. கணினிக்கும் கற்பூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிள்ளானில் ஒரு கடை மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தேன். விருந்தாளிகள் வந்தால் அதற்கு நேர் எதிர் நாற்காலியில்தான் அம்மா உட்கார வைப்பாள். அந்தச் சான்றிதழை நம்பி எனக்கு வேலை கொடுத்தது பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு சின்ன அலுவலகம். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைப் பிரெயில் எழுத்தில் அச்சடித்துத் தரும் இடம். கீழே பூக்கடை, மேலே நாங்கள். காலையில் படியேறும்போது மல்லிகையும் நனைந்த வாழைநாரும் மணக்கும். எங்கள் அச்சு இயந்திரம் தடித்த தாளில் புள்ளி குத்த ஆரம்பித்தால் தரை அதிரும். பூக்கடை அண்ணன் படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார்:

"தங்கச்சி, மேல என்ன மாவா இடிக்கிறீங்க? என் சாமி படம் ஆடுது!"

அங்கே பிழை திருத்துபவர் சிவா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், அதனால் அவர் பேச்சில் 'ஆமாம்' வர வேண்டிய இடத்தில் ஒரு 'ஓம்' விழும். நான் தட்டச்சு செய்ததை அச்செடுத்துக் கொடுத்தால் விரலால் படித்துக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, "மேடம், இந்த சுல்தான் ரெண்டு தரம் செத்துட்டார்" என்பார். சான்றிதழைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் அவருக்கு மேடம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கணினி. வேலையெல்லாம் வாரக் கடைசியில் ஒரு டேப்பில் பிரதியாகும். ஆனால் டேப் மட்டும் இருந்தால் போதாது என்பதை பிரதி எடுக்கும் மென்பொருளின் கையேட்டில் படித்தேன். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் கணினிக்கு எழுந்திருக்கவே தெரியாது. எழுந்திருக்காத கணினிக்கு டேப்பைப் படிக்கவும் தெரியாது. அதைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன ஃப்ளாப்பி டிஸ்க் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும். மீட்பு டிஸ்க் என்று அதற்குப் பெயர்.

இதை நான் சிவாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் உடனே, "ஒண்ணு பத்தாது, மேடம். மூணு செய்ங்க" என்றார். அதற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை சாலையைக் கடக்கும்போது ஒரு லோரி அவருடைய வெள்ளைக் கோலின் மீது ஏறிவிட்டது. ஆள் தப்பினார், கோல் நொறுங்கியது. நடுச்சாலையில் எந்தப் பக்கம் கால் வைப்பதென்று தெரியாமல், யாரோ கையைப் பிடிக்கும்வரை நின்றாராம். அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரு கோல், அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு கோல்.

மூன்று செய்தேன். மூன்றையும் போட்டுக் கணினி எழுகிறதா என்று பார்த்தேன். ஒன்று அலுவலக இழுப்பறையில். ஒன்று பங்சாரில் சிவா வீட்டுக்கு. மூன்றாவதை எங்கே வைப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அஞ்சலை அக்கா உள்ளே வந்தார்.

அஞ்சலை அக்கா நகரத்தின் தெற்கே சாலாக் செலாத்தானில் இருந்தார். தொழிற்சாலை வேலை, கணவர் இல்லை. ஒரே மகள் கலைவாணி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவி, பார்வை இல்லாதவள். அவளுக்கான வரலாற்றுப் புத்தகத்தைத்தான் அப்போது தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். கண்ணுள்ளவர்கள் கையில் பிடிக்கும் ஒரு புத்தகம் பிரெயிலில் ஒரு அலமாரியை நிறைக்கும். பாகம் பாகமாக முடிய முடிய அக்கா சனிக்கிழமைகளில் வந்து, துணிப் பையில் போட்டு, பஸ்ஸில் தூக்கிப் போவார். என் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப இந்த மெஷின் கெட்டுப்போச்சுன்னா, பாப்பா புக்கு?"

"இது இருந்தா திரும்ப எடுத்துடலாம்கா."

சிவா சிரித்துக்கொண்டே, "மேடம், அதை அக்காகிட்டயே குடுத்துடுங்க. இவங்களவிட யாரு பத்திரமா வைப்பாங்க?" என்றார். நான் அதை வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த பல மாதங்கள் மழையும் தட்டச்சுமாகக் கழிந்தன. புத்தகத்தை முழுக்கத் தட்டச்சு செய்து முடித்துவிட்டோம். பாதி அச்சாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கணினியை முடுக்கினேன். உள்ளே அரிசியில் கல் புடைப்பதுபோல் ஒரு சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. கணினிக் கடைக்காரர் வந்து திறந்து பார்த்து, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். புதியது சுத்தமாக, ஒன்றுமே தெரியாத குழந்தை மாதிரி இருந்தது.

"டேப் இருக்கு. டிஸ்க் இருக்கு. பயப்படாதீங்க, மேடம்" என்றார் சிவா.

இழுப்பறையைத் திறந்தேன். நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். தோல் செருப்பை ஒரு மாதம் மூலையில் விட்டால் அதன்மேல் காடு வளரும். மீட்பு டிஸ்க்கின் தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். மென்பொருளோடு வந்த மூல டிஸ்க்குகளும் அதே இழுப்பறை, அதே பூஞ்சணம். புதிதாக வாங்க வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் கடைக்காரர்.

சிவா டாக்சி பிடித்து வீட்டுக்குப் போய்த் தன்னுடையதை எடுத்து வந்தார். போட்டேன். கணினி அதைப் படிக்க மறுத்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் மறுத்தது.

"எங்க வச்சிருந்தீங்க, சிவா?"

"ரேடியோ ஸ்பீக்கர் மேல. கைக்கு உடனே எட்டணும்ன்னு."

ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. காந்தம் டிஸ்க்குக்கு எமன். நான் சொல்வதற்குள் அவரே புரிந்துகொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, அச்சாகிக் கிடந்த பாகத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மறுபடி தட்டச்சு செய்வதென்றால் கலைவாணியின் தேர்வு முடிந்த பிறகுதான் புத்தகம் முடியும்.

அக்கா வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்து மளிகைக் கடைக்கு அழைத்துத் தகவல் சொன்னேன். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பதே உண்மை. டிஸ்க்கின் மேல் குங்குமம் வைத்திருப்பாரோ என்றுகூடப் பயந்தேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே கலைவாணியின் பிறப்புப் பத்திரம், அதற்கடியில் பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, கடைசியில் டிஸ்க். பூச்சி அரிக்காமலிருக்கக் கற்பூரக் கட்டிகள் போட்டிருந்தார். மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் கோயில் வாசனை.

"சரியா வச்சிருக்கேனா, தங்கச்சி?"

போட்டேன். ஃப்ளாப்பி முனகியது. திரையில் ஒரு கோடு மினுக்கியது, பிறகு எழுத்துகள் வந்தன. டேப்பைச் செருகினேன். அது சுழல ஆரம்பித்த சத்தம் கேட்டதும் சிவா எழுந்து நின்றார்.

"என்ன வருது? படிங்க!"

திரையில் ஓடிய கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். வரலாறு முதல் பாகம். இரண்டாம் பாகம். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஓம்… ஓம்…" என்றார். அஞ்சலை அக்காவுக்கு என்ன நடக்கிறதென்று முழுக்கப் புரிந்ததா தெரியாது. கடைசிப் பாகத்தின் பெயரை நான் படித்து முடித்ததும், "எல்லாம் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டது அக்கா என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அச்சு இயந்திரத்தை ஓடவிட்டோம். கீழேயிருந்து பூக்கடை அண்ணன் குரல் கொடுத்தார். அன்று அவர் திட்டியது இனிமையாக இருந்தது.

கலைவாணி நன்றாகவே தேறினாள். பல்கலைக்கழகம் போய் ஆசிரியையானாள். நாங்களும் திருந்தினோம். கணினியில் எதை மாற்றினாலும் புது மீட்பு டிஸ்க் செய்து, போட்டுப் பார்த்து, சாலாக் செலாத்தானுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையானது. மகள் படிப்பை முடித்த பிறகும் அக்கா அந்தப் பொறுப்பை விடவில்லை. பழையதை என்னிடம் கொடுத்துப் புதியதை டின்னில் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்பார். மீன் குழம்பு. அதற்காகவே நான் கணினியில் அடிக்கடி எதையாவது மாற்றுவதாக சிவா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. அது ஃப்ளாப்பியைத் தொடுவதில்லை. கடைசி டிஸ்க்கைத் திரும்ப வாங்கி வரப் போனேன். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடுக்கவே இல்லை.

"அப்ப, இனிமே வர மாட்டீங்களா?"

"ஏன்கா, டிஸ்க் இல்லாட்டி சோறு போட மாட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன், சும்மாவே, அந்த வீடு இருந்தவரை. பின்னர் அக்கா மகளோடு ஈப்போவுக்குப் போய் அங்கேயே காலமானார். எங்கள் அலுவலகம் மூடப்பட்டு, தரையை அதிர வைத்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. பூக்கடை இருந்த வரிசையில் இப்போது ஹோட்டல். சிவாவுக்குக் கைப்பேசியே எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறது. விரலால் படித்து நாளாகிவிட்டது என்கிறார்.

அக்கா குடியிருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலை போகிறது. அந்த இடம் வரும்போது நான் காரின் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள்.