ராஜபிளவையும் என் முதுகும்

முதலில் முதுகில் எரிச்சல்தான் வந்தது. அப்போது எங்கள் அடைக்கல மாதா கோயிலில், குரும்பலூரிலிருந்து வேனில் வந்தவர்களுக்குக் கோயில் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக ஜெபமும் ஞானப்பாடமும் நடத்துபவர்).

கடல் கடந்து வந்து தமிழ் படித்த சாமியார் ஒருவர் இங்கே மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அரியலூர் அரசருக்கு முதுகில் ராஜபிளவை என்ற கட்டி கண்டு வைத்தியர்கள் கைவிட்டபோது, அந்தச் சாமியார் மாதாவை வேண்டிப் பச்சிலையும் இந்த மண்ணும் வைத்துக் கட்டினார். பிழைத்த அரசர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார். "ஒரே ராத்திரியில!" என்று இந்த இடத்தில் குரலை உயர்த்துவேன். கூட்டம் குனிந்து மண் அள்ளும்.

எரிச்சல் கட்டியாகிப் பல கண் வைத்தது. என் மனைவி லூர்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள். மாதா குணமாக்கிய கதையை ஊருக்கே சொல்கிறவன் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு, அதே மண்ணைக் குழைத்துப் பூசிக் கட்டச் சொன்னேன். அழுதுகொண்டே பூசினாள்.

காய்ச்சலில் நான் பிதற்ற ஆரம்பித்ததும் அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார்.

"இதுல என்னங்க வச்சீங்க?"

நான் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன்.

"கோயில் மண்ணுங்கம்மா. நாந்தான் வச்சேன்" என்றாள் லூர்து.

"சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கு. கார்பங்கிள். இப்பவே வெட்டி எடுக்கலேன்னா உயிருக்கே ஆபத்துங்க."

கார்பங்கிள் (பல வாய் வைத்த சீழ்க்கட்டி) என்பது வேறொன்றுமில்லை, ராஜபிளவைதான். அரசருக்கு வந்தது எனக்கும் வந்திருந்தது. ஆனால் பூசச் சொன்னது நான்தான் என்று சொல்லாமல், பழியை மனைவி தலையில் போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

வெட்டிய குழியைத் தைக்கவில்லை. உள்ளிருந்துதான் வளர்ந்து மூட வேண்டுமாம். தினமும் லூர்து மூக்கைப் பொத்தாமல் கழுவிக் கட்டினாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நாற்றத்தைவிட அவள் பொறுமைதான் கூச வைத்தது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதுகுப் புண் நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கிறவர் ஆஸ்பத்திரிக்கு வா என்றால் போய்விடுங்கள்.

நடமாட ஆரம்பித்ததும் கோயிலுக்குத் திரும்பினேன். அரும்பாவூர்க் கூட்டம் வந்திருந்தது. "ஒரே" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினேன். ஒரு பெண் முந்தானையில் மண் முடிந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா?"

"வூட்டுக்காரருக்குச் சர்க்கரைங்க. கால்ல புண்ணு. வச்சுக் கட்டத்தான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி நின்று, ஜிப்பாவைத் தூக்கி முதுகுக் கட்டைக் காட்டினேன்.

"நானும் இந்த மண்ணத்தாம்மா வச்சேன். பொழச்சதே பெருசு. மண்ண வூட்ல வச்சு வேண்டிக்க. புண்ணுல வைக்காத. அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அவள் முடிச்சைப் பிடித்தபடி என் முதுகையே பார்த்தாள்.

"ஆற எவ்வளவு நாளாச்சுங்க?"

ஒரே ராத்திரி என்று சொல்லிப் பழகிய வாயால் சொன்னேன்.

"இன்னும் ஆறிக்கிட்டுத்தாம்மா இருக்கு."