ஆயுத பூஜையும் என் ஆய்வேடும்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். கணவருக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. நான் முட்டுக்காட்டு உப்பங்கழி மீன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஆய்வேடு முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பிளாப்பியில் எடுத்து வைத்த நகல் கடற்காற்றில் பூஞ்சை பிடித்து வீணாகியிருந்தது. பூஜை விடுமுறை முடிந்ததும் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கேட்கிற அவகாசமெல்லாம் கேட்டாகிவிட்டது.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரை ஓடவிட்டு, சுண்டல் தாளிக்கப் போயிருந்தேன். பூஜைக்கு வைக்கிற கருவி ஓடக் கூடாதாம், அதற்கு அன்று ஓய்வாம். கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், முறைப்படி மூடாமல், சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டார். மானிட்டருக்குப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டும் ஆயிற்று. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

சாயங்காலம் மனசு கேட்காமல் போட்டுப் பார்த்தேன். ரெஜிஸ்ட்ரி கெட்டுவிட்டது, சரிசெய்து மறுபடி துவங்குகிறேன் என்றது. துவங்கியது; அதே செய்தி. மறுபடியும் அதே. எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் குறிப்புதான் ரெஜிஸ்ட்ரி. அது குழம்பினால் உள்ளே எல்லாம் இருந்தும் திறக்க வழியில்லை.

செங்கல்பட்டில் அதை விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்க்கா. உள்ள இன்னா கீது, போனா போவுது" என்றார். தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம். திரும்ப டைப் அடித்துக்கொள்ளலாமே என்றார் கணவர். அவரை அப்படியே கழியில் தள்ளிவிடலாம் போல இருந்தது.

கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகம் ஞாபகம் வந்தது. அதுவும் பூஜையில், அடுக்கிய புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. மறுநாள் வரை புத்தகத்தைத் தொடக் கூடாது.

"சாமிக்கு வெச்சத எடுக்காத" என்றார்.

"அணைக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?" என்று சொல்லி உருவி எடுத்தேன். மேலே இருந்தவை சரிந்து விழுந்தன.

புத்தகம் சொன்னபடி கறுப்புத் திரைக்குப் போய்க் கட்டளையை அடித்தேன். கம்ப்யூட்டர் தானாகவே எடுத்து வைத்திருந்த பழைய ரெஜிஸ்ட்ரி நகல்கள் வரிசையாக வந்தன. பூஜைக்கு முந்தின நாளுடையதைத் தேர்ந்தெடுத்தேன்.

கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. ஆய்வேடு கடைசி அத்தியாயம் வரை பத்திரமாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, பூஜை போட்டதாலதான் வந்துச்சு."

ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்ததும் முதல் வேலையாக நன்றியுரையைப் புரட்டினார். கணவருக்கு ஒரு வரி எழுதுவது வழக்கம். தன் பெயர் எங்கே என்று கேட்டார்.

"பூஜையாலதானே வந்துச்சு? அதான் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கேன்" என்றேன்.